சாம்பல் கட்டிகள் உப்பி வெடித்ததைச் சரிசெய்த விதம்

கழிவு எரியூட்டியின் புகைவடிகட்டியில் சேரும் சாம்பலில் ஈயமும் துத்தநாகமும் காட்மியமும் இருப்பதால், அவை வெளியே கசியாதபடி அதைச் சிமெண்டுடன் கலந்து கட்டியாக்கும் பொறுப்பை ஏற்றிருந்தேன். முதலில் வார்த்தவை இரண்டு நாளாகியும் இறுகவில்லை. நகத்தால் கீறினால் ஈரமண்ணாக உதிர்ந்தன; மேற்பரப்பு அச்சின் விளிம்பைத் தாண்டி உப்பியிருந்தது; உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஊசித்துளைகள் நிறைந்திருந்தன.

சிமெண்டைக் கூட்டியும் பயனில்லை. துத்தநாகமும் ஈயமும் சிமெண்டுத் துகள்களின்மேல் படலமாகப் படிந்து நீரேற்றத்தை, அதாவது சிமெண்டு தண்ணீருடன் வினைபுரிந்து இறுகுவதை, தாமதப்படுத்துகின்றன என்பதும், சாம்பலில் உலோகமாகவே எஞ்சிய அலுமினியத் துணுக்குகள் காரநீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுவதே உப்பலுக்குக் காரணம் என்பதும் பிறகுதான் புரிந்தன.

ஆகவே, சாம்பலை நிறையத் தண்ணீரில், தீப்பொறி அண்டாத திறந்தவெளித் தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, குமிழிகள் அடங்கிய பின்னரே வடிகட்டிக் கலந்தேன். குளோரைடு உப்புகளும் பெருமளவு கரைந்து வெளியேறின. அந்தக் கழுவுநீரைச் சாக்கடையில் விடவே கூடாது. பி.எச். 12-ஐத் தாண்டிய நீரில் ஈயம் நன்றாகக் கரையும் என்பதால், அமிலம் சேர்த்து அதை 9-க்கு அருகே இறக்கி, படிந்த வண்டலைத் தனியே பிரித்தேன்.

துத்தநாகம் கழுவலில் அவ்வளவாகப் போகாது. இறுகல் இப்போதும் தாமதமாகவே நடந்தது. ஈரச்சாக்கு போர்த்தி, நான்காம் நாளில்தான் அச்சைக் கழற்றினேன். கட்டிகள் உப்பவில்லை, விளிம்புகளும் கூர்மையாக நின்றன. கெட்டித்தன்மை மட்டும் போதாது என்பதால், 28 நாள் கழித்துக் கசிவுச் சோதனையில் (கட்டியிலிருந்து உலோகம் எவ்வளவு கரைந்து வெளியேறுகிறது என்று பார்ப்பது) ஈயத்தின் அளவு வரம்புக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகே அவற்றை நிலநிரப்புக்கு அனுப்பினேன்.