தொண்டு நிறுவன வேலைக்குப் போகிறீர்களா? சம்பளம் பேசும் முன் பார்க்க வேண்டியவை

புதுச்சேரி சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் கையில் 35,000 வாங்குகிறவருக்குக் கடலூர் தொண்டு நிறுவனம் ஒன்று 28,000 தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவுதான். அதைவிட முக்கியம், அந்த 28,000க்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது.

பல இடங்களில் ‘கன்சாலிடேட்டட்’ என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சம்பள உச்சவரம்பான 15,000க்கு 12 சதவீதம் கணக்கிட்டால் உங்கள் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 1,800. இரண்டையும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கினால் கைக்கு வருவது 24,400. நிறுவனம் தன் பங்கைத் தனியாகக் கட்டினால் 26,200. ‘கன்சல்டன்ட்’ என்று எடுத்தால் பி.எஃப். கிடையாது, 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து 25,200 தருவார்கள். வருமானம் வரி வரம்பைத் தாண்டாதவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து டி.டி.எஸ்.ஸைத் திரும்ப வாங்கலாம், போன பி.எஃப். போனதுதான்.

சம்பளம் 21,000ஐ ஒட்டி இருந்தால் ஈ.எஸ்.ஐ.யையும் (குடும்பத்துக்கும் சிகிச்சை தரும் அரசுத் தொழிலாளர் காப்பீடு) கணக்கில் எடுங்கள். வரம்பு 21,000, உங்கள் பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 158 ரூபாய்க்குள். வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால், ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டு 22,000க்குப் போய் ஈ.எஸ்.ஐ.யை இழப்பது நஷ்டம். அதற்கு மேல் போவதென்றால் குரூப் இன்சூரன்ஸ் கேளுங்கள்.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டோனர் (நிதி தருபவர்) ஒப்புக்கொண்ட பட்ஜெட்டில்தான் உங்கள் பதவிக்கான தொகை இருக்கும். இயக்குநரே நினைத்தாலும் நடுவில் ஏற்ற முடியாது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. அதனால் ஆபீஸ் வேலைகளுக்குக் கை இறுக்கம், களப்பணிக்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஆபீஸ் வேலையோடு பயிற்சி கொடுப்பது போன்ற திட்டப் பணியும் செய்யப்போகிறீர்கள் என்றால், அதைப் பணி விவரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பங்கைத் திட்டச் செலவில் காட்ட வழி பிறக்கும்.

பேசும் நேரம், வேலை உங்களுக்குத்தான் என்று சொன்ன பிறகு, நியமன ஆர்டர் கைக்கு வரும் முன். “சேவை மனப்பான்மை வேணும்” என்று ஆரம்பிப்பார்கள். அதோடு வாதாட வேண்டாம். “சார், வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. வாடகை, பிள்ளைங்க ஃபீஸ் எல்லாம் சேத்து மாசம் 26,000 கைக்கு வந்தாத்தான் ஓடும். பட்ஜெட்ல இடமில்லைன்னா உங்க பங்கு பி.எஃப்.ஐ மட்டும் தனியா கட்டிடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். மொத்தத் தொகையைத் தொடாமலே 1,800 கிடைக்கும்.

பெட்ரோல் காசை அலட்சியமாக விடாதீர்கள். பரங்கிப்பேட்டை பக்கத்துக் கிராமங்களுக்கு நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 20 நாள் போனால் 1,200 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் 27 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 2,700. டயர், சர்வீஸ் தனி. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் கேட்டால் 4,800 வரும், நியாயமான கேள்விதான். ‘மாதம் 1,500 ஃபிக்ஸட்’ என்றால் மிச்சம் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் புயல், வெள்ளம் என்றால் ஞாயிறும் பண்டிகையும் முகாமில்தான். அந்த நாட்களுக்கு மாற்று விடுப்பு உண்டா என்று கேளுங்கள். டோனர் தவணை தாமதமானால் சம்பளம் எப்படித் தருவார்கள், திட்டம் எந்த மாதத்தோடு முடிகிறது, அடுத்தது கிடைக்கும்வரை என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். கணக்காளரிடம் இதே கேள்விக்கு நேரான பதில் வரும்.

ஒப்புக்கொண்டதெல்லாம் ஆர்டரில் ஏற வேண்டும், ஆண்டு உயர்வு உட்பட. 28,000க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘நன்கொடை’ என்று 5,000 திருப்பிக் கேட்கும் இடமென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.