தண்ணீரைக் கொட்டச் சொல்லாமல் டெங்குக் கொசுவைத் தடுப்பது எப்படி?

வீடு வீடாகக் கொசுப்புழு தேடுவது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"டெங்கு உயிரைக் குடிக்கும், தண்ணீரைக் கொட்டுங்கள்" என்று வாசலில் நின்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரமும் அதே டிரம்மில் புழு நெளியும். எங்கள் பகுதியில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. காத்திருந்து பிடித்ததைக் கொட்டச் சொல்வது அநியாயம். அதைச் சொல்லும் வாயை யாரும் நம்ப மாட்டார்கள்.

பேசுவதற்கு முன் காட்டுங்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் டிரம்மின் மேல்தண்ணீரை மெதுவாக மொண்டு டார்ச் அடியுங்கள். நிழல் விழுந்தாலே புழு அடிக்குப் போய்விடும், அவசரம் கூடாது. கொசு சாக்கடையில்தான் பிறக்கிறது என்று நம்பியிருப்பவர், தாம் புழங்கும் நல்ல தண்ணீரிலேயே அது துள்ளுவதைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தொடங்குவார். அப்போது முட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அது காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும்.

அடுத்தது நாள் குறிப்பது. இதில்தான் முழு வேலையும் இருக்கிறது. "கட்டாயம் செய்கிறேன்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். "எப்போது தேய்ப்பீர்கள் அக்கா?" என்று கேட்டு, பதிலை அவர் வாயாலேயே வரவழையுங்கள். "தண்ணீர் வருவதற்கு முந்தின இரவு, பாத்திரம் கழுவி முடித்ததும்" என்றால் பாதி வெற்றி. டிரம் ஏறக்குறையக் காலியாக இருக்கும் நேரம் அது, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிடலாம். இன்ன வேளை வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்ட எண்ணம் செயலாகும் வாய்ப்பு அதிகம் என்பதை பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் தெருவில், பழைய வேட்டித் துணியை டிரம்மின் வாயில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

"இந்தத் தெருவில் யாருமே செய்வதில்லை" என்று மட்டும் அலுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் அரிசோனாவில், பழங்கால மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரக் காட்டில், பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போகிறார்கள் என்று வருந்தி எழுதிய பலகை திருட்டைக் கூட்டியது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவின் ஆய்வு இது. பலர் எதைச் செய்வதாகக் கேள்விப்படுகிறோமோ அதன் பின்னேதான் மனம் போகும். தேய்த்த வீடுகளைச் சொல்லுங்கள், அவர்கள் சம்மதத்தோடு.

டயர், சிரட்டை, ஆட்டுக்கல் குழி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

மறுவாரம் போகும்போது மூடியை நீங்களே திறக்காதீர்கள். "காட்டுங்கள் அக்கா" என்று கிண்ணத்தையும் டார்ச்சையும் அவர் கையில் கொடுங்கள்.