உலர்பூ மாலையும் கம்பளிப் பின்னலும்: அவசரம் கெடுக்கும் இடங்கள்

பொறுமை பழகலாம் என்று கைவேலையில் இறங்குபவர்கள் கையை மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். கையை எடுத்துவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டிய இடத்தில்தான் அவசரம் வந்துவிடுகிறது. வேலை கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பூவில் முதல் அவசரம் பறிக்கும்போதே. பனி ஈரம் காய்ந்த பிறகே பறிக்க வேண்டும். முழுக்க மலர்ந்த பூ காயும்போது இதழ் உதிர்க்கும். முக்கால்வாசி விரிந்ததே போதும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். இலைகளை உருவிவிட்டு, இருட்டான, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஒரு கொத்துக்கு 8 காம்பு போதும். அதற்கு மேல் போனால் நடுவில் காற்று புகாது, பூஞ்சை பிடிக்கும். காம்பு காயக் காயச் சுருங்கும் என்பதால் நூலைவிட ரப்பர் பேண்டே நல்லது.

இதழைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'காய்ந்துவிட்டது' என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. இதழ் சில நாளிலேயே சரசரக்கும். ஈரம் பூவின் தடித்த அடிப்பகுதியில் தங்கியிருக்கும். அந்த இடத்தை அழுத்தினால் மெத்தென்று இருக்கக் கூடாது. காம்பை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். அதற்கு முன் டப்பாவில் அடைத்தால் உள்ளேயே பூசணம் பூத்துவிடும்.

செண்டுமல்லி முழுக்கக் காய்ந்த பின் ஊசி குத்தினால் நொறுங்கும். பச்சையாகவே இடைவெளி விட்டுக் கோத்து, மாலையாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். நூலில் ஒட்டிக்கொள்ளாதபடி தினம் ஒருமுறை பூக்களை லேசாக நகர்த்த வேண்டும். காய்ந்ததும் சுருங்கியிருக்கும், நெருக்கித் தள்ளிவிட்டு அப்புறம் கடைசி முடிச்சு. புதிதாகத் தொடங்குபவருக்கு வாடாமல்லி தோதானது, நிறமும் நிற்கும். மல்லிகை வேண்டாம், என்ன செய்தாலும் பழுப்பேறும்.

பின்னலில் எல்லோரும் தாண்டிப் போவது மாதிரித் துண்டை. சுமார் 15 செ.மீ. சதுரம் பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) என்று எண்ண வேண்டும். 20 வர வேண்டிய இடத்தில் 22 வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். 200 கண்ணி போட்டால் 100 செ.மீ. வர வேண்டிய ஸ்வெட்டர் 91 செ.மீ.தான் வரும். போட்டுக்கொள்ள முடியாது.

வரிசை முடிவில் எண்ணாமல் போவது அடுத்தது. நூல் தவறி ஊசிமேல் சுற்றிக்கொண்டால் கண்ணி கூடும். நழுவினால் ஏணிபோல் கீழே ஓடும். நழுவியதை குரோஷே ஊசியால் (நுனியில் கொக்கி உள்ள ஊசி) மேலே ஏற்றிவிடலாம். பழகும்வரை 10 வரிசைக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலைக் கண்ணிகளுக்குள் ஓட்டி வையுங்கள். பிரித்தாலும் அதோடு நின்றுவிடும். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது, வெளிர்நிறத்தில் பழகுவதே சரி.

பிரித்த கம்பளி நூல் சுருண்டு கிடக்கும். அப்படியே மறுபடி பின்னினால் கண்ணிகள் சீராக விழாது. சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்காமல், முறுக்காமல் நீரை அழுத்தி எடுத்து நிழலில் காயப்போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஊசியில் ஏற்றலாம்.