பழைய ஜான்சன் அவுட்போர்டு மோட்டாரை மீட்டெடுத்தல்

படகின் பின்புறம் பொருத்தப்படும் 1950களின் ஜான்சன் சீ ஹார்ஸ் மோட்டார் சுழலாமல் இறுகியிருந்தால், கயிற்றை வலிந்து இழுக்காமல், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்ட பிறகே மோட்டாரின் மேலுள்ள சுழல் சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெல்ல அசைக்க வேண்டும். பொறுமையிழந்து சுத்தியலை எடுத்தால், எளிதில் கிடைக்காத பாகங்கள் உடைந்துவிடும். ஃபிளைவீலுக்கு அடியிலுள்ள தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயில்களின் உறை விரிசல் விட்டு, ஈரம் புகுந்து, தீப்பொறி அற்றுப்போவதே இம்மோட்டார்களை அதிகம் பீடிக்கும் நோய் என்பதால், விரிசல் விட்ட காயில்களை மாற்றி, மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட்களின் இடைவெளியை 0.020 அங்குலமாக அமைக்க வேண்டும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (சுழல் விசிறியை) புதிதாக மாற்றுங்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் புகுந்துள்ளது என்று பொருள்; நீரைத் தடுக்கும் சீல்களையும் மாற்ற வேண்டும். 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு என்ற அளவில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து, மோட்டாரின் கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியிருக்கும்போது மட்டுமே இயக்கிப் பாருங்கள்.