ரான்சோ சான் அந்தோனியோ: சனிக்கிழமை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்

கலிபோர்னியாவில் சன்னிவேல், குப்பர்ட்டினோ, மவுண்டன் வியூ பக்கம் குடிவந்த புதிதில் எல்லாருக்கும் முதல் சனிக்கிழமை கோல்டன் கேட் பாலத்துக்குப் போகத்தான் தோன்றும். பாலம் எங்கேயும் போய்விடாது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்றால், முதலில் ரான்சோ சான் அந்தோனியோ என்ற மலையடிவாரப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். 280 நெடுஞ்சாலையில் ஃபுட்ஹில் எக்ஸிட்டில் இறங்கி, கிறிஸ்டோ ரே டிரைவில் திரும்பினால் வந்துவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்கும் காசில்லை.

காசில்லை என்பதுதான் சிக்கல். நாங்கள் முதல்முறை போனபோது சாவகாசமாக இட்லி சாப்பிட்டுப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முக்கால் மணி நேரம் பார்க்கிங்கைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, உள்ளே காலே வைக்காமல் வீடு திரும்பினோம். வார இறுதியில் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். முடியாவிட்டால் மூன்று மணிக்கு மேல் பாருங்கள். சாலையோரம் நிறுத்தும் முன் பலகையைப் படியுங்கள், அபராதச் சீட்டு எழுதிவிடுவார்கள். இறங்கும்போது சீட்டில் பை எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லேப்டாப் பை கண்ணில் பட்டால் கண்ணாடியை உடைப்பது இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சர்வசாதாரணம்.

சான் அந்தோனியோ வேறு யாருமில்லை, அந்தோணியார்தான். இங்கே ஸ்பானியப் பெயரோடு இருக்கிறார். கலிபோர்னியா மெக்சிகோவின் கையில் இருந்தபோது, 1839-இல் ஆளுநர் அல்வராடோ இந்த நிலத்தை ஹுவான் பிராடோ மேசா என்ற படைவீரருக்கு எழுதிக் கொடுத்தார். 4,000 ஏக்கருக்கு மேல். 'ரான்சோ' என்றால் மாட்டுப் பண்ணை. அந்தக் காலத்தில் பாலுக்கோ கறிக்கோ அல்ல, தோலுக்கும் கொழுப்புக்கும்தான் மாடு வளர்த்தார்கள். தோல் கப்பலேறி பாஸ்டன் வரை போகும். கொழுப்பு மெழுகுவத்தியும் சோப்பும் ஆகும். 1848-இல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது. அதன்பின் கிராண்ட் சகோதரர்கள் இங்கே பண்ணை நடத்தினார்கள். அவர்கள் காலத்துப் பண்ணைதான் இன்று 'டியர் ஹாலோ ஃபார்ம்' ஆகியிருக்கிறது. சுற்றியுள்ள மலை முழுக்க வீடாகாமல் பிழைத்ததற்குக் காரணம், 1972-இல் மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய 'திறந்தவெளி மாவட்டம்' என்ற பொது அமைப்பு. நிலத்தை வாங்கி அப்படியே விட்டுவைப்பதுதான் அதன் வேலை.

பார்க்கிங்கிலிருந்து பண்ணைக்கு ஒரு மைலுக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். பெரும்பாலும் சமதரை, ஸ்ட்ரோலர் தாராளமாகப் போகும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் மெதுவாக நடந்துவிடுவார்கள். செருப்பு மட்டும் வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்கள் 'குட் மார்னிங்' சொல்வார்கள்; பதிலுக்குச் சொல்லுங்கள், அவ்வளவுதான், பேச்சு வளராது. பின்னாலிருந்து 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று குரல் வந்தால், உங்களுக்கு இடப்பக்கமாக ஒருவர் ஓடிக் கடக்கப் போகிறார் என்று பொருள். அதாவது நீங்கள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். 'லெஃப்ட்' என்று காதில் விழுந்ததும் இடப்பக்கம் பாய்ந்து ஓட்டக்காரர் மேலேயே மோதிய பெருமை எனக்கு உண்டு.

பண்ணையில் ஆடு, செம்மறி, பன்றி, கோழி எல்லாம் இருக்கின்றன. வசந்த காலத்தில் குட்டிகள் துள்ளும். என் மாமியார் முதல்முறை பார்த்துவிட்டு, "ஆட்டைப் பாக்கவா இத்தனை தூரம் பிளேன் ஏறி வந்தேன்?" என்றார். ஆனால் வேலியை விட்டு நகராமல் நின்றவரும் அவர்தான். கையிலிருந்த வாழைப்பழத்தை அவர் நீட்டுவதற்குள் நான் ஓட வேண்டியிருந்தது. விலங்குகளுக்கு நாமாக எதுவும் கொடுக்கக் கூடாது. நம் பழக்கத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். நாய்க்கும் அனுமதியில்லை. திங்கட்கிழமை பண்ணை மூடியிருக்கும்.

மெக்சிகோக்காரருக்கும் முன்னால், பல ஆயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தவர்கள் ஓலோனி மக்கள். ஓக் மரக் கொட்டைகளை இடித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை எடுத்து, கூழாகக் காய்ச்சிச் சாப்பிட்டார்கள். வழியெங்கும் அந்த ஓக் மரங்கள்தான். ஓடை அருகே நிழலான இடத்தில் சட்டென்று பிரியாணி வாசனை மாதிரி ஒன்று மூக்கில் ஏறினால் ஆச்சரியப்படாதீர்கள், அது கலிபோர்னியா பே மரம். அதன் இலை வாசனை நம் பிரிஞ்சி இலையைவிடக் காட்டமானது. வீட்டுக்குப் பறித்து வரலாமே என்று கை துறுதுறுக்கும். இங்கே எதையும் பறிக்கக் கூடாது.

தொடவே கூடாத செடி ஒன்றும் உண்டு: பாய்சன் ஓக். மூன்று மூன்று இலையாக இருக்கும், கோடை முடிவில் சிவக்கும், குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும். குச்சி பட்டாலும் அரிப்புத்தான், வாரக்கணக்கில் படுத்தும். பிள்ளைகளைப் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள். வெயில் காலத்தில் சாரைப்பாம்பு அல்ல, ராட்டில்ஸ்நேக் வரும், விஷப்பாம்பு. மலைச்சிங்கம் (பூமா என்ற பெரிய காட்டுப்பூனை) பற்றிய பலகையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட வேண்டாம், அது கண்ணில் படுவது அபூர்வம். பட்டால் ஓடக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்திச் சத்தம் போட வேண்டும். உங்கள் கண்ணில் படப்போவது பெரும்பாலும் மான்களும் காட்டு வான்கோழிகளும்தான்.

ஜூன், ஜூலையில் வந்திறங்கியவர்கள் மலையைப் பார்த்து, "என்ன இப்படிக் காய்ந்து கிடக்கிறது" என்பார்கள். இங்கே மழை குளிர்காலத்தில்தான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அதே மலை பச்சைப்பசேலென்று இருக்கும், ஓடையிலும் தண்ணீர் ஓடும். அப்போது இன்னொரு முறை போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடை கிடையாது, செல்போன் சிக்னலும் பல இடங்களில் விட்டுவிட்டுத்தான் வரும். புளியோதரைப் பொட்டலத்தைக் காரில் விட்டுவைத்து, திரும்பி வந்து பிரியுங்கள். நடந்த பசியில் ஒரு பருக்கை மிஞ்சாது.