கண்டல் நட வருகிறவர்களுக்கு

மீன்வளப் படிப்பு முடித்துவிட்டு கண்டல் காடு, அதாவது அலையாத்திக் காடு வளர்க்க எங்களிடம் களப்பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை நாற்று சார் நடணும்?" என்றுதான். ஒன்றும் நட வேண்டாம், முதல் மாதம் தண்ணீரைப் பாருங்கள் என்பேன். முகம் வாடிவிடும்.

ஒரு மூங்கில் கழியில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுச் சேற்றில் ஊன்றுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏற்றம் எதுவரை வருகிறது, அட்டமி, நவமியில் எங்கே நின்றுவிடுகிறது என்று குறியுங்கள். பிச்சாவரம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் அரையடி மேடுகூட ஒரு கன்றின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

அப்புறம், ஏற்கெனவே மரம் செத்த இடத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பிச்சாவரத்தில் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த உப்புத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வற்றி, உப்பு ஏறிப்போனது. கோடையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அங்கே ஆயிரம் நாற்று நட்டாலும் ஆயிரமும் போகும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்தது, மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டியது. நடு வாய்க்கால் உப்பங்கழியோடு சேரும். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றத்தில் தண்ணீர் வரும், வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கன்றை வாய்க்காலின் சரிவில் நடுங்கள். உச்சியில் காயும், அடியில் மூழ்கும். கண்டல் வகைகளில் வெண்கண்டலைப் பையில் வளர்த்து நடலாம். சுரபுன்னைக்குப் பையே வேண்டாம், மரத்திலேயே முளைவிட்டு முற்றிய காயை நேராகச் சேற்றில் விரல் நீளம் இறக்கினால் போதும்.

வாய்க்கால் எங்கே வெட்டலாம் என்று இருளர்களைக் கேளுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்கு, எந்த ஓடை தூர்ந்தது, எதில் இறால் வருவது நின்றது என்பது அத்துப்படி. சாட்டிலைட் படத்தை அதன் பிறகு விரியுங்கள்.

அறிக்கையில் கண்டல் காட்டைச் "சுனாமிச் சுவர்" என்று எழுதிவிடாதீர்கள். 2004இல் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவுதான். ஆனால் அது காட்டால் எவ்வளவு, ஊர் தள்ளியும் மேட்டிலும் இருந்ததால் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். அலை வேகத்தைத் தணிக்கும், கரை அரிப்பைக் குறைக்கும் என்று எழுதுங்கள். அதுவே பெரிய விஷயம்.

ஆடு மாடு வெண்கண்டல் இலையை விட்டுவைக்காது, காவலுக்கு ஊரிலேயே ஆள் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வாய்க்கால் வாயைப் போய்ப் பாருங்கள், சேறு அடைத்திருக்கும். நாற்றுக்குப் பணம் தந்து பேனரோடு போட்டோ எடுக்கப் பலர் வருவார்கள். தூர்வாரப் பணம் கேட்டால் ஆளைக் காணோம். ஆகவே முதல் பட்ஜெட்டிலேயே அந்தச் செலவைத் தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.