ஊழியத்தில் இறங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

"முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று ஒருவர் எழுந்து சாட்சி சொன்னால், சபை முழுவதும் "ஆமென்" என்கிறது. போதகர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். உங்கள் மனைவி என்ன சொன்னார், அப்பாவின் மருந்துச் செலவை இனி யார் பார்ப்பார், வாங்கிய கடன் எவ்வளவு பாக்கி என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் விசுவாசம் குறைந்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆனால் பக்தியும் சேவையும் பழுதாகிப்போகிற கதைகளைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கேட்கப்படாத கேள்விகளில்தான் போய் நிற்கும்.

இயேசுவே இதைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருக்கிறார். மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்கான காணிக்கை என்று அறிவித்துவிட்டுக் கடமையிலிருந்து நழுவுகிறவர்களை அவர் கண்டிக்கிறார். காணிக்கை கொடுப்பது தவறு என்று அவர் சொல்லவில்லை. அம்மாவின் சோற்றை எடுத்து ஆலயத்தில் வைக்காதே என்கிறார். இன்று கொர்பான் வேறு வடிவங்களில் வருகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படாமல் இருக்கும். கன்வென்ஷன் பந்தலுக்கு முன்பணம் போயிருக்கும். வீட்டில் ஒரு வேளை சேர்ந்து உண்ணாதவர் ஊர் ஊராகக் குடும்ப ஆசீர்வாதக் கூட்டம் நடத்துவார்.

இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியின் வாழ்க்கையை இங்கே நேர்மையாகப் பார்ப்பது நல்லது. செருப்புத் தைத்தவர், தானாகவே பல மொழிகள் கற்றவர், 1793ல் வங்காளத்துக்கு வந்து 1801ல் வங்காளப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தவர். பிரசங்கங்களில் அவர் பெயர் வந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய மனைவி டோரதி வர மறுத்தார். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பயணம் தடைப்பட்டு நாள் தள்ளிப்போனதால் கேரியும் உடன் பயணித்த நண்பரும் மறுபடி வந்து வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று டோரதி இணங்கினார். 1794ல் ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். அதன்பின் டோரதியின் மனம் சிதைந்தது. 1807ல் இறக்கும்வரை அவர் தேறவில்லை. கேரி அவரைக் கைவிடவில்லை, உடன் வைத்தே பார்த்துக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அழைப்பின் விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர் டோரதி என்பதை மறைத்துவிட்டு கேரியை மட்டும் கொண்டாடினால், அடுத்த தலைமுறை ஊழியக்காரரும் மனைவியின் மறுப்பைச் சாத்தானின் தடை என்றே எடுத்துக்கொள்வார். வீட்டில் ஒருவர் "வேண்டாம்" என்றால் காத்திருங்கள். அழைப்பு மெய்யானால் ஓராண்டு தாமதத்தில் அது அழிந்துவிடாது.

காத்திருப்பது என்றால் நம்மில் பலருக்கு அலர்ஜி. பாரம் வந்தது, உடனே இறங்கிவிட வேண்டும். வேலூரில் மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து அழைத்தார்கள், பெண் மருத்துவர் இல்லாததால் மூவரும் இறந்தார்கள், அந்த இளம்பெண்ணின் மனம் மாறியது. பிரசங்கியார் இந்த இடத்தில் குரலை உயர்த்துவார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் 1900ல் வேலூருக்கு வந்தார். அன்னை தெரசாவும் 1948ல் மடத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் போன இடம் பாட்னா. மருத்துவச் சகோதரிகள் நடத்திய மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெறத்தான். ஏழைகளைப் போலச் சோறும் உப்பும் மட்டும் தின்று வாழ்வோம் என்று அவர் சொன்னபோது, சத்தில்லாமல் உழைத்தால் நீங்களே நோயாளிகளாகிவிடுவீர்கள் என்று அந்தச் சகோதரிகள் தடுத்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். மனநலம் பற்றி எதுவும் படிக்காமல் தற்கொலை எண்ணத்தோடு வருகிறவருக்கு ஆலோசனை சொல்வதும், பேய் பிடித்திருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் பக்தி ஆகாது. அது ஆபத்து.

உடம்பை வாட்டுவதே அர்ப்பணிப்பு என்ற எண்ணமும் இதை ஒட்டியதுதான். தீர்க்கதரிசி எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது, தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான். ஓடியாடுவதே ஊழியம் என்று நினைப்பவர்கள் டோனாவூரையும் பார்க்கலாம். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931ல் விழுந்து அடிபட்டபின், 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளை வழிநடத்தினார். இன்னொரு பக்கம், அசனத்துக்காக, அதாவது சபை விருந்துக்காக, விடியற்காலையிலிருந்து வெங்காயம் உரித்த பெண்களை உட்காரவைத்து மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கிக்கும் வழக்கத்தையாவது நாம் விட்டுவிடலாம். தன் வீட்டுக்கு வந்த இயேசுவை உபசரிக்கப் பரபரத்தவள் மார்த்தாள்; அவளுடைய கவலையைத்தான் அவர் சுட்டிக்காட்டினார். சமைத்ததற்காக அவளைக் கடியவில்லை.

ஜெபத்தில் உணர்ச்சி வற்றிப்போனால் அழைப்பே போய்விட்டது என்று பதறாதீர்கள். அன்னை தெரசா பல ஆண்டுகள் அந்த இருளிலேயே வேலை செய்தார் என்பது அவருடைய கடிதங்கள் 2007ல் வெளியானபோது உலகத்துக்குத் தெரியவந்தது.

பெறுகிறவரைச் சிறுமைப்படுத்துவது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் மாதத்தில் நடக்கிறது. மேடை, ஃபிளெக்ஸ் பேனர், ஒலிபெருக்கியில் "அடுத்து, விதவைகள் வரிசையாக வரவும்" என்ற அறிவிப்பு, சேலையைப் பாதி கொடுத்த நிலையில் கேமராவைப் பார்த்து நிற்கும் நன்கொடையாளர். இடதுகைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்னவரின் பிறந்தநாளுக்கு இது! சேலையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் என்ன? வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வி. எஸ். அசரியா 1910ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அவர் வெள்ளைக்காரர்களிடம் கேட்டது இன்று நமக்கும் பொருந்தும். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872ல் எழுந்த ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் இடிக்கப்பட்டதும் அதே 1910ல்தான். கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை வைத்துக்கொண்டு குடிசைப் பகுதியில் மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள், முகாமைத் தள்ளிவைத்துவிட்டு வரிசையை முதலில் கவனிக்கலாம்.

பணத்தைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், எல்லாரும் அதை மட்டுமே பேசுகிறார்கள் என்பதுதான். "கர்த்தருக்குக் கணக்குத் தெரியும்" என்று சொல்பவரிடம் காணிக்கையைக் கொடுக்காதீர்கள். எருசலேம் சபைக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. தன் உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்தவரையும் சேர்த்து அனுப்பினார். மனிதர் முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். அறக்கட்டளை என்றால் அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஆண்டுதோறும் தணிக்கை. வெளிநாட்டிலிருந்து பணம் வருமானால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. துபாயில் இருக்கும் வெளிநாட்டு நண்பர் என் சொந்தக் கணக்குக்கு அனுப்பினார் என்ற சமாதானம் செல்லாது.

அறங்காவலர்கள் யார் என்பதும் பணத்தோடு சேர்ந்த விஷயம். தலைவர் அப்பா, செயலர் மகன், பொருளாளர் மருமகள் என்று போகும் பட்டியல்கள் நம்மிடம் ஏராளம். ஐடா ஸ்கடர் தொடங்கிய கல்லூரியின் பொறுப்பு, அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே ஹில்டா லாசரஸ் என்ற இந்திய மருத்துவரிடம் வந்தது. உங்கள் குழுவில் உறவினர் அல்லாத, உங்களை மறுத்துப் பேசத் தயங்காத இருவரையாவது சேருங்கள். அவர்களில் ஒருவரிடம் கணக்கையும், இன்னொருவரிடம் உங்கள் மனைவியிடம் தனியாகப் பேசும் வாய்ப்பையும் கொடுங்கள்.